இரண்டு கை உப்பு

ஓசூர்,
2.5.2025

அன்புள்ள அக்கா ஜெபகனிக்கு, தம்பி தேவசிகாமணி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். இந்தச் ‘சுகம்’ என்கிற வார்த்தையை இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்பது கீழே வரும். நீயும் அத்தானும் சுகமா? போன வாரம் அடித்த காற்றில் அத்தானுடைய வாழைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

போன வருஷம் சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை முடிந்த மறுநாள் போட்ட ஒப்பந்தத்தை நான் இன்றுவரை மீறவில்லை. கறியில் உப்புக் கூடிப்போனதற்கு யார் காரணம் என்று நீயும் நானும் முக்கால் மணி நேரம் போனில் கத்தினோம். உனக்குத் தலைசுற்றல், எனக்குப் பிரஷர். மெர்வின் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “அத்தையும் நீங்களும் அடுத்த அசனம் வரைக்கும் கடிதாசிதான் எழுதணும். தபால் போய்ச் சேருததுக்குள்ள கோவம் ஆறிரும்” என்று தீர்ப்புச் சொன்னான். பெற்ற மகன் தீர்ப்புச் சொல்லுகிற வயதுக்கு நான் வந்துவிட்டேன். ஆனாலும் ஒன்றை எழுதியே தீருவேன். நம் சபை அசனத்தில் இருபத்திரண்டு வருஷம் கறி வேகும் பெரிய கிடாரத்துக்கு உப்புப் பார்த்தவன் நான். வருஷா வருஷம் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கறி. ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. போன வருஷம் மட்டும் எப்படிச் சுளித்தார்கள் என்று கர்த்தருக்கும் இன்னும் ஒருத்தருக்கும்தான் தெரியும்.

இப்போது விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. மெர்வின் அன்றைக்கே பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான். ஆஞ்சியோ எடுத்தார்கள். பெரிய அடைப்பு ஒன்று. அதற்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இன்னொரு சின்ன அடைப்பு. அதை உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தார்கள். நான் நடக்கிறேன், தூங்குகிறேன், மருமகள் டார்லின் பொங்கிப்போடும் உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வரவேண்டாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

அசனம் எந்தத் தேதி என்று எழுது. சபைப் போதகர் ஐயர் வந்தால் என் தோத்திரம் சொல்லு.

உன் தம்பி,
தேவசிகாமணி


களக்காடு,
11.5.2025

அன்பின் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். காற்றில் எண்பது வாழை சாய்ந்தது. உங்கள் அத்தான் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார். அவர் சாதாரணமாகவே பேசமாட்டார் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு எழுதினாயாம். நல்ல காரியம் செய்தாய். நெஞ்சில் கம்பி வைத்ததை மூன்று வாரம் கழித்துத் தபாலில் தெரிந்துகொள்ளத்தான் நான் அக்காவாகப் பிறந்தேனா? உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டு, உப்புச் சங்கதியைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. நோயிலிருந்து எழுந்து முதல் கடிதத்திலேயே குத்திக்காட்டுகிறவன் நன்றாகத்தான் இருப்பான் என்று தைரியம் வந்தது.

சரி, சில விஷயம் கேட்கவேண்டும். ஆஞ்சியோவை எந்தக் கையில் செய்தார்கள்? வலி எப்படி? மயக்கம் கொடுப்பார்களா, முழித்துக்கொண்டே இருக்கவேண்டுமா? எத்தனை நாளைக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது? விளக்கு விட்டுப் பார்த்தார்கள் என்றாயே, அது என்ன? அடுத்த வீட்டுப் பிருந்தா இருக்கிறாளே, அவளுடைய மாமியாருக்குக் கொஞ்சம் நெஞ்சுக் கோளாறு. அவளுக்குச் சொல்லத்தான் கேட்கிறேன். விவரமாக எழுது.

எனக்கு ஒன்றும் இல்லை. மூட்டுவலி மட்டும் என்னை விடாமல் நேசிக்கிறது. அசனம் அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை.

ஜெபத்தோடு,
ஜெபகனி


ஓசூர்,
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாய்ந்த எண்பது வாழைக்கும் என் அனுதாபம். அத்தானிடம் சொல்லு.

பிருந்தாவின் மாமியார் பயப்படவேண்டாம் என்று சொல்லு. வலது கை மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மொத்தத்தில் அதுதான் வலி, அதுவும் கட்டெறும்புக் கடி. அதற்குப் பிறகு நரம்பு மாதிரி மெல்லிய குழாயை அங்கே உள்ள ரத்தக்குழாய் வழியாக இதயம்வரைக்கும் விடுவார்கள். முழித்துக்கொண்டே இருக்கலாம். நான் இருந்தேன். எதிரே டிவி போல ஒரு திரை. ஒரு மருந்து விடும்போது உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றின மாதிரி சூடு வரும், அடுத்த நிமிஷம் போய்விடும். அந்தக் கையால் ஒரு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது.

விளக்குச் சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆஞ்சியோ படத்தில் ரத்தம் ஓடுகிற பாதையின் அகலம்தான் தெரியுமாம், சுவர் தெரியாதாம். எனக்கு ஒரு அடைப்பு தொண்ணூறு சதவீதம், இன்னொன்று நாற்பது. தொண்ணூறுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் அம்மாள் நாற்பதைப் பார்த்து, “இந்தச் சின்னது எனக்குப் பிடிக்கலை” என்றார். நுனியில் வெளிச்சம் உள்ள ஒரு கம்பியைக் குழாய்க்குள் விட்டு, இரண்டு மூன்று விநாடிக்கு ரத்தத்தை மருந்தால் ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டே பின்னால் இழுத்தார்கள். திரையில் என்ன வந்தது தெரியுமா? வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டம் வட்டமாக இருக்குமே, அதேதான். ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஒரு குட்டை. அது கொழுப்பு. அதற்குமேல் பாலேடு மாதிரி ஒரு தோல், தலைமுடியைவிட மெல்லிசு. அந்தத் தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டி, குழாய் மொத்தமாக அடைத்துவிடுமாம். பெரிய அடைப்பாவது படி ஏறினால் வலிக்கும். இது ஒரு தகவலும் தராது.

எனக்குத் தோல் கிழியவில்லை. கொழுப்பை வற்றவைத்துத் தோலைத் தடிக்கவைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நவம்பரில் மறுபடி பார்க்கவேண்டும்.

நான் டாக்டர் அம்மாளிடம் சொன்னேன், முப்பது வருஷம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடும் ஆய்வாளராக இருந்து நான் செய்த வேலையும் இதுதான் என்று. கடைக்காரர் படிக்கல்லைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். மேலே பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. கவிழ்த்துப் பார்த்தால்தான் எடையைச் சரிசெய்ய அடிக்குழியில் ஊற்றின ஈயத்தைச் சுரண்டி எடுத்திருப்பது தெரியும். அவர் சிரித்துவிட்டு, “அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட்” என்றார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லு.

தேவசிகாமணி


களக்காடு,
12.6.2025

அன்பின் தம்பிக்கு,

உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலைதான்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பாதையில் நாய்த் தொல்லை. உங்கள் அத்தானே மோட்டார் போட்டுவிட்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் ஆட்டோதான். புதுச் செருப்பு கடிக்கிறது.

பிருந்தாவின் மாமியாரைப் பற்றி இன்னொன்று. அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஆஞ்சியோ எடுத்திருக்கிறார்களாம். “நாற்பது சதவீதம்தான், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிடுங்கள்” என்று அனுப்பிவிட்டார்களாம். மாத்திரையைக் கொஞ்சநாள் சாப்பிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். இப்போது குளித்து முடித்தாலே நெஞ்சு இறுகி, தாடைவரை இழுக்கிறதாம். ஒருமுறை பார்த்துவிட்ட ஆளுக்கு மறுபடி விளக்கு விட்டுப் பார்க்க அவசியம் உண்டா? நாற்பது நாற்பதுதானே?

டார்லினிடம் கோபப்படாதே. உப்பில்லாமல் பொங்குவது உனக்காகத்தான்.

ஜெபகனி


ஓசூர்,
17.6.2025

அக்காவுக்கு,

தோத்திரம். நான் தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். ஒரு கன்னட நாய் எனக்குக் கூட்டாளியாகிவிட்டது. நீ நெல்லை நாய்க்குப் பயப்படுவது ஆச்சரியமாக இருக்கிறது. கல்லைத் தேடுகிற மாதிரி நீ குனிந்தாலே நாய் ஓடுகிற ஊர் அது.

நாற்பது நாற்பது இல்லை. அதைத்தானே போன கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதினேன்? நாற்பது என்பது பாதையின் கணக்கு. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அதுவும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள், குளித்தாலே வலிக்கிறது, தாடைக்கு இழுக்கிறது என்றால் நாளைக்கு நல்லநாள் பார்க்கிற விஷயமே இல்லை. அந்த அம்மாளை இன்றைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. பிருந்தாவுக்கு நேரமில்லை என்றால் நீயே கூட்டிக்கொண்டு போ. அவள் அடம்பிடித்தால், என் பெயரைச் சொல்லி இரண்டு ஏச்சு ஏசு. போய்விட்டு வந்து எனக்கு எழுது. ஏனோ அந்த அம்மாளைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது வீட்டில் இருக்கிற கோயிலுக்கு எதற்கு ஆட்டோ? செருப்பை மாற்று.

தேவசிகாமணி


களக்காடு,
14.7.2025

என் அன்புச் சிகாமணிக்கு அக்காவின் முத்தங்கள்.

நான் ரொம்பச் சுகமாக இருக்கிறேன். நீயும் மெர்வினும் டார்லினும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையில் நெடுநேரம் ஜெபித்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். போன வருஷம் அசனத்தில் முதல் கிடாரத்துக்கு நீ உப்புப் போட்டுவிட்டுப் பந்தலுக்குப் போனாய். நீ போனபிறகு நானும் போட்டேன். நீ போட்டது எனக்குத் தெரியும். உனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து நாக்கு மந்தமாகியிருக்கும், குறைத்துத்தான் போட்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ருசிகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டை உப்புப் போட்டேன். பந்தியில் எல்லோரும் தண்ணீர் கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. உன்னிடம் போனில் கத்தினது அந்தப் பயத்தில்தான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. சபையில் நீ தலைகுனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

டார்லின் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கறிமசால் பக்குவத்தை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பரணில் இருக்கிற பித்தளைக் கரண்டியும் அவளுக்குத்தான்.

நீ நல்ல தம்பி. இதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

உன் அக்கா,
ஜெபகனி


ஓசூர்,
18.7.2025
ஸ்பீடு போஸ்ட்

அக்கா,

உனக்கு என்ன செய்கிறது?

அறுபத்தேழு வருஷமாக உன்னை எனக்குத் தெரியும். நீ ஒரு தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கறிமசாலைப் பெற்ற மகளுக்கே சொல்லாதவள் நீ. உன் கடிதத்தைப் படித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். உப்பு யார் போட்டால் என்ன, அது இப்போது யாருக்கு வேண்டும்?

பிறகுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். கடிதத்தில் களக்காடு என்று எழுதியிருக்கிறாய். தபால் முத்திரையில் பாளையங்கோட்டை என்று இருக்கிறது. முத்திரை பார்த்தே சம்பளம் வாங்கினவனிடம் இந்த வேலை நடக்காது. உன் மகள் ஸ்டெபி வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை முதல் வரியில் எழுதுகிறவள் நீ. இந்தத் தடவை ஏன் எழுதவில்லை? பாளையங்கோட்டையில் உனக்கு என்ன வேலை?

ஒப்பந்தத்தை மீறி நான்கு தடவை போன் போட்டேன். உன் போன் அணைந்து கிடக்கிறது. அத்தானுடைய போன் வழக்கம்போல மோட்டார் அறையில் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறது. மெர்வின் ஸ்டெபியிடம் கேட்டான். “அம்மா நல்லா இருக்கா, மாமாட்ட சொல்லு” என்று அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். நல்லா இருக்கிறவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு வேகமாகச் சொல்லுவதில்லை.

பிருந்தாவுக்கு மாமியார் உண்டா, இல்லையா? புதுச் செருப்பு, நாய்த் தொல்லை, குளித்தால் தாடைக்கு இழுக்கிறது. நான் எவ்வளவு மடையன். எல்லாருடைய படிக்கல்லையும் கவிழ்த்துப் பார்த்தேன், உன்னுடையதைப் பார்க்கவில்லை.

புதன்கிழமைக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் நான் ரயில் ஏறிவிடுவேன். மெர்வினால் தடுக்க முடியாது.

எனக்கு நீ வேண்டும் அக்கா.

சிகாமணி


களக்காடு,
20.7.2025

அன்புள்ள மைத்துனருக்கு யேசுவடியான் எழுதுவது.

இங்கு நலம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. உங்கள் அக்கா தூங்கும்போது பிரித்துப் படித்தேன்.

15ஆம் தேதி திருநெல்வேலியில் பார்த்தோம். நீங்கள் எழுதினபடி உள்ளே விளக்கு விட்டார்கள். அதே நாற்பதுதான். ஆனால் தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது, சின்ன ரத்தக்கட்டியும் இருந்தது. நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று. 18ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது நன்றாக இருக்கிறாள். இன்று காலை தார் வெட்ட வந்தவர்களை ஏசினாள். எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ரயில் ஏறவேண்டாம். உங்கள் உடம்பையும் பாருங்கள். நான் எழுதினதாகச் சொல்லவேண்டாம். கை ஆறினதும் அவளே எழுதுவாள். உங்கள் கடிதங்களை அவள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

கதலிக்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல்.

யேசுவடியான்


களக்காடு,
2.8.2025

அன்பின் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

உங்கள் அத்தான் எனக்குத் தெரியாமல் எழுதின கடிதம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷர் தபால்பெட்டிப் பக்கம் போனது அன்றைக்குத்தான். தெருவே வந்து எனக்குச் சொல்லிவிட்டது.

பிருந்தாவுக்கு மாமியார் உண்டு. நீ சந்தேகப்படவேண்டாம். எண்பத்தோரு வயதில் கல்லாட்டம் இருக்கிறாள். அவளுக்கு நெஞ்சுக் கோளாறு என்று நான் ஓசூர்வரை எழுதின விஷயம் ஸ்டெபி வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறாள். ஒரு தார் கதலி கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ அப்போதுதான் எழுந்து நடக்கிறாய். எனக்கு என்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பாய். அது ஒரு காரணம். உண்மையான காரணம் பயம். போனால் வரமாட்டேன் என்று பயம். உன் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் பயம் ஒரு படி இறங்கும். கட்டெறும்புக் கடி என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைத்தான் ஆட்டோவில் போகும்போது சொல்லிக்கொண்டே போனேன். “அந்த அம்மாளை ஏசு” என்று நீ எழுதினதை வைத்து என்னை நானே இரண்டு நாள் ஏசினேன். அதற்குப் பிறகும் கிளம்ப ஒரு மாதம் ஆயிற்று. என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

டாக்டர் சின்னப் பையன். திசையன்விளைக்காரன். “நாப்பது சதவீதம்னு முன்னால சொன்னாவளே” என்று கேட்டேன். “அது பாதையோட அகலம்மா. சுவரை அப்ப பாக்கலை” என்றான். உடனே நான் உன் படிக்கல் கதையைச் சொன்னேன். கம்பி இதயத்தில் இருக்கும்போது பேசுகிறேன், அவன் கேட்டுக்கொண்டே பையப் பைய இழுக்கிறான். திரையில் வாழைத்தண்டு வந்தது. நீ எழுதினபடியே வந்தது. ஒரு இடத்தில் வட்டம் பிய்ந்து தொங்கியது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குள் இருந்தது என் சாவு, அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் பிள்ளை பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நீ எழுதியிருக்காவிட்டால் நான் போயிருக்கமாட்டேன் லே. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

இனி உப்பு விஷயம். ஜூலை பதினாலாம் தேதிக் கடிதம் நான் திரும்பி வராவிட்டால் என்பதற்காக எழுதினது. திரும்பி வந்துவிட்டபடியால் அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். நான் போட்டேன், சரி. நீ அளவாகத்தான் போட்டாய் என்பதற்கு என்ன சாட்சி?

ஜெபகனி


ஓசூர்,
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை டார்லின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மெர்வின் ஆபீசுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டான். அத்தானுக்கு என் தோத்திரம். அவர் எழுதின பத்துப் பன்னிரண்டு வரிதான் அந்த வாரம் என்னை ரயில் ஏறவிடாமல் வைத்தது.

வாபஸ் செல்லாது. முத்திரை விழுந்த கடிதம்.

ஆனாலும் சாட்சி கேட்டாயே, அது நியாயமான கேள்வி. என் சர்வீஸில் எல்லாவற்றையும் எடை போட்டேன். அசனத்து உப்பை மட்டும் இருபத்திரண்டு வருஷமும் கையால் அள்ளி நாக்கால் பார்த்தேன். வெட்கக்கேடு. நேற்று இங்கே கல்லுப்பு வாங்கி, கிடாரத்துக்கு நான் போடுகிற மாதிரியே இரண்டு கையாலும் எட்டு அள்ளு அள்ளி டார்லினின் தராசில் வைத்தேன். ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். மறுபடி அள்ளினேன். ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது. கை பொய் சொல்லவில்லை.

நீ பன்னிரண்டு சிரட்டை என்று எழுதியிருந்தாய். அதே சிரட்டையை எடுத்து, அதே மாதிரி கோரி, அத்தானுடைய தராசில் வைத்து எழுது. யாரையும் கூட்டிக்கொண்டு செய்யாதே. யேசுவடியான் அத்தான் மட்டும் சாட்சி இருக்கட்டும். குடம் தூக்காதே.

தேவசிகாமணி


களக்காடு,
23.8.2025

தம்பிக்கு,

சுகம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். தோட்டம்வரை நடக்கிறேன். நாய்கள் இருந்த இடம் தெரியவில்லை.

பன்னிரண்டு சிரட்டையும் சேர்த்து ஒரு கிலோ எண்ணூற்று இருபது.

உங்கள் அத்தான் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “முப்பது கிராமுக்கா ஒரு வருசம் பேசாம கெடந்திய?” என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். இந்த மாதம் அவர் பேசின நீளமான பேச்சு அதுதான்.

நீயும் சரி, நானும் சரி. இரண்டு சரியும் ஒரே கிடாரத்தில் விழுந்ததுதான் தப்பு. சபைக் கமிட்டியில் போன ஞாயிறு எழுந்து நின்று நானே சொன்னேன், உப்பு என்னாலே கூடினது, என் தம்பியாலே இல்லை என்று. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

இந்த வருஷம் உனக்கும் உப்பு ஆகாது, எனக்கும் ஆகாது. அதனால் யாரும் நாக்கை நீட்டவேண்டாம். எடைபோட்டுப் போடுவோம். நீ வரும்போது உன் தராசைக் கொண்டுவா. மற்றவர்களுடைய தராசை நீ நம்பமாட்டாய்.

ஜெபகனி


ஓசூர்,
16.10.2025

அன்புள்ள அக்காவுக்கு, வந்து சேர்ந்த தம்பி எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தான் கட்டிக்கொடுத்த கதலி ரயிலிலேயே பழுத்துவிட்டது; பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டோம். இனி நாம் போனில் பேசலாம், ஒப்பந்தம் முடிந்தது. ஆனாலும் இதைப் போனில் என்னால் சொல்லமுடியாது என்பதால் எழுதுகிறேன்.

கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றோமே, ஐயர் ஜெபித்து முடித்த பிறகு. எடைபோட்ட உப்பை ஸ்டெபி போட்டாள். வேலை முடிந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து நான் உப்புச் சாக்குக்குள் கையை விட்டேன். சும்மா ஒரு கை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. விட்ட கையை வெளியே எடுக்குமுன் நீ மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய். நீ பிடித்தது உன் இடது கையால். உன் வலது கையை நான் பார்த்தேன், அதிலே ஒரு சிரட்டை உப்பு இருந்தது. நானும் பிடித்துவிட்டேன். “விடு லே” என்றாய். “நீ விடு” என்றேன். சமையல் நடக்கிற ஆக்குப்புரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

உன் மணிக்கட்டைப் பிடித்தபோது பெருவிரலுக்குக் கீழே குழாய் விட்ட தழும்பு என் விரலில் பட்டது. மிளகளவு. எனக்கும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறது. சரிபார்த்த படிக்கல்லில் அடிக்கிற முத்திரை மாதிரி இருந்தது. அதற்குக் கீழே நாடி துடித்துக்கொண்டிருந்தது. நன்றாக, ஒழுங்காகத் துடித்தது. உப்புக்காகத்தான் பிடித்தேன், ஆனால் விடாமல் இருந்தது அதற்காக. நீயும் அதற்காகத்தான் விடவில்லை என்று நினைக்கிறேன்.

கறி நன்றாக இருந்தது என்று ஐயாயிரம் பேரும் சொன்னார்கள். நாம் இரண்டு பேரும் உப்பில்லாமல் தனியாக எடுத்துவைத்த கறியைச் சாப்பிட்டோம். எனக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் ஒன்று. டார்லின் நீ அனுப்பின பக்குவத்தின்படி மூன்று தடவை கறிமசால் அரைத்தாள். உன் கை மணம் வரவில்லை. அசனத்துக்கு மசாலை வறுக்கும்போது நான் பின்னாலேயே நின்றேன். ஒரு பிடி சுக்கை நீ முந்தானையிலிருந்து எடுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டேன். இங்கே வந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் சுக்கு இல்லை. திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று எழுதின கடிதத்திலும் ஒரு சாமானை மறைத்து எழுதியிருக்கிறாய்.

கோபம் வரவில்லை அக்கா. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தக் கடிதத்தை நினைத்து மூன்று மாதமாக உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது, நீ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகத் துணிந்துவிட்டாயே என்று. சுக்கை மறைத்தவள் திரும்பி வரத்தான் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணுவேன். எடு. சுக்கைப் பற்றிப் பேசவேண்டும். டார்லின் பக்கத்தில்தான் இருப்பாள். நீ இல்லை என்று சாதிப்பாய், எனக்குத் தெரியும். நன்றாகச் சண்டை போடுவோம்.

உன் தம்பி,
சிகாமணி